டம்ளரை விட்டு வெளியே வந்த பல்

மார்ச் 4

அச்சுக்கூடத்தில் ஸ்கிரீன், அதான் மை இறங்கும் வலைச்சட்டம், கழுவிக் கழுவிக் கையெல்லாம் ஆரஞ்சு. சோப்பு போட்டும் போகவில்லை. வீட்டுக்காரர் இருந்திருந்தால், "என்னடி, சாயம் போட்ட கோழிக்குஞ்சு மாதிரி வந்து நிக்கிற?" என்று கேட்டிருப்பார்.

மகள் போன் செய்தாள். அடுத்த மாதம் கைக்குழந்தையோடு இங்கேயே வந்து இருக்கப்போகிறாள். தொட்டிலுக்கு இடம் வேண்டுமாம். "அப்பா மேசைய எப்பம்மா காலி பண்ணுவ?"

நாளைக்கே என்றேன்.

மார்ச் 5

பண்ணவில்லை.

மார்ச் 9

அந்தக் காலத்து ஓவியர்கள் மேசைமேல் பழம், பூ, வெள்ளிக் கிண்ணம் எல்லாம் வைத்து வரைவார்களாம். கூடவே சிலர் மண்டையோடும் வைப்பார்களாம், எல்லாரும் ஒருநாள் போகவேண்டியவர்கள்தான் என்று காட்ட. அச்சுக்கூடம் நடத்தும் எங்கள் ஓவியர் மேடம் அதையே பிஸ்கட் பாக்கெட், சோப்புத்தூள் டப்பா வைத்து, விளம்பரப் பலகை மாதிரி பளிச்சென்று அச்சடிக்கிறார்.

"மண்டையோட்டுக்குப் பதிலா என்னக்கா வைக்கலாம்?" என்று என்னைக் கேட்டார்.

"எங்க வீட்டு மேசைல அவரோட பல்செட்டு இருக்கு மேடம்."

விளையாட்டாகத்தான் சொன்னேன். மேடம் சிரிக்கவில்லை. "கொண்டு வாங்க. நீங்களே அச்சடிங்க, நான் சொல்லித்தர்றேன்."

மார்ச் 10

மேசையையே சுற்றிச் சுற்றி வந்தேன். கண்ணாடி, தைலக் குப்பி, பாதி தின்ற மிட்டாய் பாக்கெட், டம்ளரில் பல். அவர் போனதிலிருந்து தூசி தட்டுவதோடு சரி, எதையும் நகர்த்தவில்லை. டம்ளர் தண்ணீரை மட்டும் தினமும் மாற்றுகிறேன். யாருக்காக? பைத்தியக்காரி. எடுத்தா என்ன ஆயிடும்? ஒண்ணும் ஆகாது. ஆனா கை வரமாட்டேங்குதே —

மார்ச் 12

எடுத்துவிட்டேன்! பல்லை டிபன் டப்பாவில் வைத்து மூடி, மற்றதைப் பையில் போட்டேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி டப்பாவைப் பார்த்து, "இன்னைக்கு என்ன சாப்பாடு?" என்றாள். நான் என்னத்தைச் சொல்ல!

மார்ச் 19

மேசைச் சாமான்களை அப்படியே படமாக்கி, முதலில் மஞ்சள் அடித்தோம். அது காய்ந்ததும் நீலம். கடைசியில் பல்லுக்கு ரோஸ். ஒவ்வொரு நிறத்துக்கும் தாளை மூலைக்குறியில் பிசகாமல் உட்கார வைக்கவேண்டும்.

நான் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாள் நழுவியது தெரியவில்லை. மையை இழுத்துவிட்டு ஸ்கிரீனைத் தூக்கினால், பல் டம்ளரை விட்டு வெளியே வந்து ஈயென்று இளிக்கிறது!

அழத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. இதைத்தானே செய்வார் மனுஷன்! வீட்டுக்கு யார் வந்தாலும் நாக்கால் பல்லை வெளியே தள்ளிக் காட்டுவார், நான் தலையிலடித்துக்கொண்டு உள்ளே ஓடுவேன்.

"பாழாக்கிட்டேன் மேடம்."

"கிழிச்சிடாதீங்கக்கா. இதுதான் படம்."

வயிறு வலிக்கச் சிரித்தேன். அவர் போனபிறகு இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 2

மகள் வந்து சேர்ந்தாள். சுவரைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டாள்.

"ஐயோ அம்மா! அப்பா பல்லைப் போய் படமா மாட்டியிருக்கியே! வர்றவங்கல்லாம் சிரிப்பாங்க!"

"சிரிக்கட்டும். அவருக்கும் அதான வேணும்."

முறைத்தாள். அப்புறம் அவளும் உட்கார்ந்து சிரித்தாள், கண்ணைத் துடைத்துத் துடைத்து. இடுப்பிலிருந்த பேத்தி படத்தைப் பார்த்து ஈறு தெரியச் சிரித்தாள். அவளுக்கும் இன்னும் பல் வரவில்லை.

ஏப்ரல் 3

மேசை இருந்த இடத்தில் தொட்டில் ஆடுகிறது. பல்லை டப்பாவில் போட்டு பீரோவில் வைத்தேன். டம்ளரை நன்றாகத் தேய்த்துக் கழுவி, காலையில் அதிலேயே காபி குடித்தேன்.

மகளிடம் சொல்லவில்லை.