ஏழாவது வீடு பூட்டியிருந்தது

ஜூன் 3, செவ்வாய்

பாப்பா இன்று டம்ளரைத் தானே பிடித்துத் தண்ணீர் குடித்தாள். பாதி சட்டைக்கு.

கல்லூரிக்குச் சான்றிதழ் வாங்கப் போனேன். அங்கே பொது சுகாதாரப் பயிற்சிக்கு ஆள் எடுக்க வந்திருந்தார்கள். இரண்டு வருடப் பயிற்சி. பட்டம் வாங்கி மூன்று வருடத்துக்குள் இருக்க வேண்டுமாம். எனக்கு இதுதான் மூன்றாவது. பேச வந்தவள் என்னைவிடச் சின்னவள், போன வருடம்தான் அந்தப் பயிற்சியை முடித்தவள். ஆண்கள் பிடிக்கும் நீளமான குடையை மேசைமேல் வைத்துவிட்டுப் படம் கிடம் எதுவும் போடாமல் பேசினாள்.

"பெருமையான வேலைன்னு சொல்லிக் கூப்பிட வரல. நடக்கணும். நாய் குரைக்கும். 'அப்புறம் வாங்க'ம்பாங்க. அப்புறமும் போகணும்."

பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். எனக்கு எழுந்திருக்கத் தோன்றவே இல்லை.

ஜூன் 5, வியாழன்

விண்ணப்பம் போட்டாச்சு. அவர் சிரிக்கிறார். "பாப்பா தும்மினா டாக்டருக்கு மூணு போன் போடுறவ நீ. ஊருக்கே வைத்தியம் பாக்கப் போறியா?" வைத்தியம் இல்லை, பொது சுகாதாரம் என்றேன். "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

ஜூன் 9, திங்கள்

எழுத்துத் தேர்வே கிடையாதாம். தடுப்பூசி நாள் தவறிய குழந்தைகள் இருக்கும் பத்து வீடுகள், அவரவர் குடியிருக்கும் பகுதியிலேயே. போய் ஏன் போடவில்லை என்று கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுத வேண்டும். மூன்று நாள்.

"அறிவுரை சொன்னீங்கன்னா மார்க் போச்சு" என்றாள் குடைக்காரி. சரி மேடம் என்றேன். "மேடமா? உங்க தங்கச்சி மாதிரி இருக்கேங்க்கா!"

பேருந்தில்தான் பட்டியலைப் பிரித்தேன். பெயர்கள் இல்லை, வீட்டு எண்ணும் குழந்தையின் வயதும் மட்டும். ஏழாவது வரியில் எங்கள் வீட்டு எண். பதினொரு மாதம். ஒன்பதாம் மாத ஊசி போடவில்லை.

அவரிடம் "போட்டாச்சு" என்று சொல்லியிருக்கிறேனே!

மூன்றரை மாத ஊசிக்குப் பிறகு பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அதிலிருந்து எனக்கு ஊசி போடும் இடத்தின் வாசல் படி ஏறவே பயம். சளி இருக்கிறது, அடுத்த வாரம், அதற்கும் அடுத்த வாரம்— நுண்ணுயிரியலில் முதல் வகுப்பு வேறு. பெரிய படிப்புதான் போ.

ஜூன் 11, புதன்

ஒன்பது வீடு முடிந்தது. நான்காவது வீட்டுத் தையல்காரம்மா முதலில் "நேரமில்ல" என்றாள், தையல் மிஷினை நிறுத்தாமலே. அறிவுரை வாய்வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டு நின்றேன். ஒரு சட்டைக் கை தைத்து முடித்த பிறகு தானாகவே சொன்னாள்: "ஊசி அட்டையத் தொலைச்சுட்டேன். அந்த நர்சு, 'இதத் தொலைச்சவ நாளைக்குப் புள்ளையவும் தொலைப்பே'ன்னு அத்தனை பேர் முன்னாடி கத்துது. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது? எழுதிக்கோ." எழுதிக்கொண்டேன். "உனக்குப் புள்ள இருக்கா? ஊசியெல்லாம் போட்டாச்சா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

ஏழாவது வரியில் 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டே சொல். யாருக்கு என்ன நஷ்டம்?

ஜூன் 13, வெள்ளி

காலை பதினொரு மணி. கதவைத் திறந்தால் குடை.

அவள் கதவு எண்ணைப் பார்த்தாள். கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பிறகு என் இடுப்பிலிருந்த பாப்பாவை. "பூட்டியிருந்ததுன்னு எழுதின வீட்டுக்கெல்லாம் நானே ஒரு தடவை போவேங்க்கா" என்றாள் மெதுவாக.

போச்சு, எல்லாம் போச்சு என்று நின்றேன். அவளோ செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள். முன்பின் தெரியாத வீட்டில் கேட்பதுபோலவே கேட்டாள்: "ஊசி ஏன்க்கா போடல?"

கொட்டிவிட்டேன். காய்ச்சல், நடுக்கம், அவரிடம் சொன்ன பொய், எல்லாம். ஒரு 'ஐயோ' இல்லை, ஒரு 'ச்சே' இல்லை. பாப்பா குடைப் பிடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் பாட்டுக்கு எழுதினாள், எழுதியதைப் படித்தும் காட்டினாள். என் வார்த்தை ஒன்றைக்கூட மாற்றவில்லை. அதன் பிறகுதான், "இப்ப நான் ஒண்ணு சொல்லலாமா?" என்று கேட்டாள். அனுமதி கேட்கிறாள்! அட, இப்படியும் ஒருத்தியா?

"இது வேற ஊசி. அந்த நடுக்கத்தைப் பத்தி முதல்லயே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, அவங்க பாத்துத்தான் போடுவாங்க."

பயிற்சி என்னாகும் என்றேன்.

"பொய் இருக்கிற தாளை என்னால அனுப்ப முடியாதுக்கா." வெற்றுத் தாள் ஒன்றை எடுத்து வைத்தாள். "அஞ்சு மணி வரைக்கும் வாங்குவேன். ஏழாவதையும் சேர்த்துப் பத்தையும் எழுதுங்க, முன்னாடி என்ன எழுதினீங்கங்கிறதையும். தேர்வுக் குழு படிக்கும். எடுப்பாங்களான்னு எனக்குத் தெரியாது."

எழுதினேன். நாலு ஐம்பதுக்குக் கொடுத்தேன்.

அவர் வந்ததும் அவரிடமும் சொன்னேன். பாப்பாவின் ஊசி அட்டையை எடுத்துப் புரட்டினார். கடைசியில், "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல" என்றார். பிறகு, "நாளைக்கு லீவு போடுறேன், ஊசி போடும்போது பாப்பாவ நான் பிடிச்சுக்கிறேன்."

ஜூன் 14, சனி

போகிற வழியில் தையல்காரம்மாவிடம், "நானும் போடல. சேர்ந்து போவமா?" என்றேன். "அன்னைக்கு அந்த ஆட்டு ஆட்டினியே தலைய!" என்று கத்திவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்துவிட்டாள். அட்டை இல்லாததற்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் சண்டைக்கு வந்தவர்கள்போல் முறைத்துக்கொண்டு நின்றோமாம், அவர் சொல்கிறார்.

டாக்டர் எல்லாம் கேட்டுவிட்டுப் போடச் சொன்னார். பாப்பா அழுதது ஒரு நிமிடம். நான் அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

ஜூன் 28, சனி

காய்ச்சல் வரவில்லை. பயிற்சிக் கடிதமும் வரவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பயிற்சியில் இரண்டாவது வாரம். கால் வலி. மூன்றாவது தெரு நாய் இன்று குரைக்கவில்லை, பழகிவிட்டது போல. ஆனாலும் ஒரு குடை வாங்க வேண்டும், நீளமாக.

இன்று ஒரு வீடு பூட்டியிருந்தது. நிஜமாகவே. பூட்டை இழுத்தே பார்த்தேன். தாளில் 'முதல் தடவை' என்று மட்டும் குறித்திருக்கிறேன்.

நாளை சாயங்காலம் மறுபடி போக வேண்டும்.