சும்மா கிடக்கிற நிலம்

பிப்ரவரி 6, 1991

புகை. கண் இரண்டும் எரிகிறது. விறகு அடுப்பு இன்னும் கைக்கு வசப்படவில்லை. கேஸ் வேண்டாம், கரண்ட் வேண்டாம், ஒரு வருஷம் குறைச்சலாக வாழ்ந்து, பூமியைக் கெடுக்காமல் இருப்பது எப்படி என்று மாதம் ஒரு கட்டுரை தருகிறேன் என்று பத்திரிகை ஆசிரியரிடம் வாயை விட்டது யார்? நான்தானே? அனுபவி, சத்யபாமா.

ஞாயிறன்று ஸ்ரீபெரும்புதூரிலிருந்து தம்பி ரங்கு வந்தான், கோயில் புளியோதரையோடு. பாங்க் வேலையை உதறிவிட்டு ஒரகடம் பக்கத்தில் இந்தக் கிராமத்தில் அக்கா என்னத்தைத் தேடுகிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை. பஸ் ஏறும்போது, "இந்த வயசுல இது தேவையா அக்கா ஒனக்கு?" என்றான். கையசைத்து அனுப்பிவைத்தேன். திரும்பி வந்தால் வீடு ஓவென்று கிடந்தது.

பிப்ரவரி 19

பேச்சுத்துணை என்று சொன்னால் ஒருத்திதான். சின்னப்பொண்ணு. தினமும் காலையில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு என் வாசல் வழியாக மேய்க்காலுக்குப் போகிறாள். தெருவுக்குப் பின்னால் முள்ளும் புல்லுமாய்ப் பரந்து கிடக்கிற பொது நிலத்துக்கு இங்கே அதுதான் பெயர். "இன்னாம்மா பண்றீங்க?" என்பாள். "சும்மாதான்" என்பேன். சிரிப்பாள். ஒரு மனுஷி சும்மா இருப்பது அவளுக்கு வேடிக்கை!

ஒரு நிமிஷம் உட்காரேன் என்றால், ஆடு பூடும் என்று நடையைக் கட்டிவிடுவாள். ஒரு நாளும் படி ஏறியதில்லை. ஆடுதான் காரணமா? இல்லை, நான் கோயில்காரர் வீட்டுப் பெண் என்பதாலா? கேட்க வாய் வரவில்லை.

மார்ச் 11

கட்டுரை முடிந்தது. 'சும்மா கிடக்கிற நிலம்.' உழாமல், கட்டாமல், விற்காமல் விட்ட மண் எத்தனை உயிரைத் தாங்குகிறது என்று. சும்மா இருப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம் என்பார்கள் பெரியவர்கள். அதை மண்ணுக்குப் பொருத்திப் பார்த்திருக்கிறேன். நன்றாகவே வந்திருக்கிறது. படித்துக்காட்டத்தான் ஆள் இல்லை. அடுப்புக்குப் படித்துக்காட்டினேன்.

ஏப்ரல் 23

வாசகர் ஒருவர் வந்தார்! ரகுபதி என்று பெயர், படப்பைக்காரர். கையில் இதழ். என்னைத் தேடிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்த முதல் ஆள். கை ஓடவில்லை, கால் ஓடவில்லை எனக்கு. வெல்லக் காபி போட்டுக் கொடுத்தேன். "சும்மா கெடக்குதுன்னு அழகா எழுதிக்கிறீங்க மேடம்" என்றார். அந்த நிலத்தைப் பார்க்க வேண்டுமாம். வெயிலென்றும் பாராமல் சுற்றிக் காட்டினேன் - எல்லைக்கல் எது, மழைத்தண்ணீர் எங்கே நிற்கும், மெயின் ரோட்டுக்கு எது கிட்ட வழி. பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. எவ்வளவு நாளாயிற்று!

மே 23

முந்தாநாள் ராத்திரி ஸ்ரீபெரும்புதூரில் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தது. பஸ் இல்லை. கடை இல்லை. ரங்கு என்ன ஆனானோ? ரேடியோ கூட வேண்டாமென்று வந்தவள் நான். எளிமையாம், எளிமை.

மத்தியானம் சின்னப்பொண்ணு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள். அவள் மகன் ஜீவானந்தம் சைக்கிளில் போய், கோயில் பக்கம் விசாரித்துப் பார்த்துவிட்டு வந்தானாம், தம்பி வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்களாம். நான் கேட்கவேயில்லை. அவளாகவே அனுப்பியிருக்கிறாள். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஜூலை 9

தண்டோரா போட்டார்கள். மேய்க்காலை ஏதோ கம்பெனிக்குக் கொடுக்கப்போகிறார்களாம். ஆட்சேபணை இருந்தால் வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் அதிகாரியிடம் சொல்ல வேண்டும். அது போனால் ஆடுகளுக்கு வேறு போக்கிடம் இல்லை. சின்னப்பொண்ணு முதல் தடவையாக என்னிடம் ஒன்று கேட்டாள்: "நீங்க படிச்சவங்க. எங்களுக்காவ ரெண்டு வார்த்த பேசுங்கம்மா."

பேசாமல்? காலையிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 11

எப்படி எழுதுவேன் இதை.

அதிகாரிக்குப் பக்கத்தில் ரகுபதி. வாசகனாம் - புரோக்கர்! நில புரோக்கர்! நான் எழுந்து வாயைத் திறந்ததும் அந்த ஆள் என் கட்டுரையை எடுத்து நீட்டினான். அதிகாரி தலைப்பை ஊருக்கே கேட்கிற மாதிரி படித்தார். "சும்மா கிடக்குதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் என்னம்மா ஆட்சேபணை?"

அந்த அர்த்தத்தில் இல்லை, உள்ளே படியுங்கள் என்றேன். படித்தார். கீரி இருந்தது, நரி இருந்தது, கௌதாரி இருந்தது. ஒரு ஆடு இல்லை. சின்னப்பொண்ணு இல்லை. தினமும் என் வாசலைத் தாண்டிப் போனவளை எப்படி விட்டேன், பாவி? மனுஷர் காலே படாத நிலம் என்றால் எழுத்துக்கு அழகாக இருந்தது. அவ்வளவுதான்.

வெளியே வந்து அவள் கேட்டாள். சத்தம் போடவில்லை. "சும்மாவா கெடக்குது? அப்ப எங்க ஆடு இத்தினி நாளா இன்னாத்த துன்னுச்சு?"

ஜூலை 12

ஆடுகள் வேறு தெரு வழியாகப் போகின்றன.

ஆகஸ்ட் 20

'அது சும்மா கிடக்கவில்லை' என்று மறுப்பு எழுதி அனுப்பியிருந்தேன். இடமில்லையாம். அடுத்த மாதம் மழைநீர் பற்றி எழுதுங்களேன் என்கிறார் ஆசிரியர். மாட்டேன். என்னத்தை எழுத? காஞ்சிபுரம் போய் மனு கொடுத்தேன், மறுபடியும் போனேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஊரில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டினாலாவது தேவலை. இன்று பால்காரரிடம் பேசும்போது குரலே எழும்பவில்லை, பேசி அத்தனை நாள் ஆகிறது.

அக்டோபர் 29

மேய்க்காலைச் சுற்றிக் கம்பி வேலி. கேட்டில் ஜீவானந்தம், வாட்ச்மேன் உடுப்பில். வணக்கம் வைத்தான். நைட் ஷிப்டும் உண்டாம். அம்மா எப்படி இருக்கிறாள் என்றேன். ஆட்டையெல்லாம் விற்றாகிவிட்டது என்றான்.

மழை. விறகு நனைந்துவிட்டது. சமைக்கவில்லை.

டிசம்பர் 17

மார்கழியில் வீடு மாறக் கூடாதாம். தை பிறந்ததும் ரங்கு வண்டி கொண்டுவருகிறான். காலையில் பாத்திரங்களைக் கோணியில் கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் தட்டியது.

சின்னப்பொண்ணு. கையில் ஆடு ஓட்டுகிற குச்சி இல்லை, அதுதான் முதலில் கண்ணில் பட்டது. என்ன சின்னப்பொண்ணு, என்ன விஷயம் என்று மட்டும் கேட்டேன்.

படி ஏறி உள்ளே வந்தாள். பாயில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள். "சும்மாதான்."