பெஞ்சுக்கு மேலே நீ எழுதியவை

விரல் இடுக்கில், பெயிண்டைக் கழுவிய டர்பன்டைன் வாசனை இன்னும் போகவில்லை. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் எலுமிச்சை சாதத்தையும் மீறி அதுதான் அடித்தது. கம்பெனி லைனில் என் பக்கத்தில் நின்று வேலை செய்யும் ஒடிசாப் பெண் சபிதா முகர்ந்து பார்த்து, "அக்கா, அவங்க வாசனை" என்றாள். உன்னைத்தான் சொன்னாள்.

நாம் மூவரும் கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற பென்னலூர் நிறுத்தம் ஞாபகம் இருக்கிறதா? சிமென்ட் பெஞ்சு முழுக்க ஆண்கள். என்னைக் கண்டால், "கரிக்கட்ட வருது பாரு." சபிதாவைக் கண்டால், "ஏய் இந்தி, வரியா?" நான் குனிந்து போனில் எதையாவது தேடுவேன். நீ மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் கேட்பாய். எனக்கு உன்மேல்கூட எரிச்சல் வரும்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயிலில், பெயிண்ட் டப்பாவோடு வந்து நின்றாய்.

"ஆள் இல்லாத நேரமா வந்து வரையலாமேடி" என்றேன்.

"ஒளிஞ்சிகினு வரைய நான் இன்னா திருடியா?"

கார்ட்டூனில் பேசுகிறவர் வாயிலிருந்து கிளம்புமே, அந்தக் குமிழ்களைப் பெஞ்சுக்குப் பின்சுவரில் வரிசையாக வரைந்தாய். ஒவ்வொன்றின் வாலும் உட்காருகிறவன் தலைக்கு நேராக. உள்ளே அவர்கள் எங்களைச் சொன்னது அத்தனையும், ஒரு சொல் மாற்றாமல். மறுநாள் யார் உட்கார்ந்தாலும் அந்த அசிங்கம் அவன் வாயிலிருந்து வருவதுபோலவே இருந்தது. பஸ்ஸே சிரித்தது. ஒருவன் துள்ளி எழுந்து, "யாரைக் கேட்டு எழுதின?" என்று உன்மேல் பாய்ந்தான்.

"பேசினது நீ. பெயிண்ட் மட்டும்தான் என்னுது" என்றாய்.

அதோடு பெஞ்சு காலி. ஓரத்துக் குமிழை மட்டும் வெறுமனே விட்டிருந்தாய். ஏன் என்றேன். "அது ஒனக்கு. தோணும்போது எழுதிக்கோ."

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. போன வாரம் யாரோ அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அன்று மாலையே பெஞ்சு நிறைந்துவிட்டது. "பெயிண்டுக்காரிதான் பூட்டாளே" என்றான் ஒருவன். "கரிக்கட்ட கீதே" என்றான் இன்னொருவன். உன் சாவைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கை அரித்தது.

நேற்று ஞாயிறு. வெயில் நன்றாக ஏறிய பிறகே போனேன். கையில், உன் அம்மா எனக்குக் கொடுத்த உன் பிரஷ். சபிதா டப்பாவைப் பிடித்துக்கொண்டாள். என் குமிழ்கள் கத்திரிக்காய் மாதிரி வந்திருக்கின்றன, நீ பார்த்திருந்தால் மானத்தை வாங்கியிருப்பாய். டீக்கடையே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். அதே வசவுகளை அதே இடத்தில் எழுதினேன். கடைசியாக, எனக்கென்று விட்டாயே, அந்த ஓரத்துக் குமிழில் எழுதினேன்: "நான் கருப்புதான். தள்ளி உக்காரு."

இன்று காலை அதன் கீழே ஒருவன் உட்கார்ந்திருந்தான். நான் சுவரைக் காட்டினேன். திரும்பிப் படித்தான், தள்ளினான். தள்ளிய இடத்தில் அவன் தலைக்கு மேல் "ஏய் இந்தி, வரியா?" இருந்தது. சபிதா விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் எழுந்தே போய்விட்டான். நாங்கள் இருவரும் என் குமிழுக்குக் கீழே நெருக்கி உட்கார்ந்துகொண்டோம்.

மறுபடி சுண்ணாம்பு அடிப்பார்கள். அடிக்கட்டும். உன் பிரஷ் என் டிபன் பையிலேயே இருக்கிறது.