நீலக் கண்ணாடிக்குள் இருந்த முகம்

கண்புரை எடுத்த பிறகு ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். பிரேசர் டவுன் வீட்டு வாசலில் அதைப் போட்டுக்கொண்டு நின்றேன். பட்டப்பகல் மங்கிப்போனது. உன் ஞாபகம் வந்தது. கூடவே பழைய எரிச்சலும் வந்தது.

இரவில் விமானம் ஓட்ட நமக்குப் பகலில்தான் கற்றுக்கொடுத்தார்கள். நம் விமானப் படைப்பிரிவு அப்போது புதிது. விமானி அறைக் கண்ணாடியின் உட்புறம் ஆரஞ்சு நிறத் தகடு பொருத்துவார்கள். நம் கண்ணுக்கு நீலக் கண்ணாடி. இரண்டும் சேர்ந்தால் வெளியே கும்மிருட்டு. எதிரே கருவிகளின் முட்கள் மட்டும் தெரியும். நான் அந்த முட்களோடு மல்லுக்கட்டி, சட்டை நனைந்து இறங்குவேன். நீ சிரித்துக்கொண்டே இறங்கி, "எனக்கு ராத்திரிதான்டா நல்லாத் தெரியுது" என்பாய். எனக்கு வயிறு எரியும்.

என் அம்மாகூட உன் கட்சிதான். லீவு நாளில் நீ எங்கள் வீட்டுக்கு வந்தால், "ஒக்கலிபுரத்துப் புள்ள இளைச்சுப்போச்சு" என்று நல்ல கறியெல்லாம் உன் தட்டுக்கே போகும். பயிற்சியில் முதன்முதலாக இரவில் தனியாகப் பறக்க அனுப்பப்பட்டவனும் நீதான். நீ இறங்கியதும் எல்லாரும் உன்னைத் தோளுக்குத் தூக்கினார்கள். நானும் ஒரு காலைப் பிடித்திருந்தேன். விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

போன வாரம் ஓர் இளம் பெண் அதிகாரி வீட்டுக்கு வந்தாள். படைப்பிரிவின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்களாம். ஒரு புகைப்படத்தை நீட்டினாள். விமானத்தின் பக்கத்தில் ஒருவன், தலைக்கவசமும் நீலக் கண்ணாடியுமாக. முகமே தெரியவில்லை.

"முதல் முதலா ராத்திரி தனியாப் பறந்தவர்னு பின்னாடி எழுதியிருக்கு, அங்கிள். பேர் இல்ல. நீங்களா, உங்க ஃப்ரெண்டான்னு யாருக்கும் தெரியல. நீங்க சொல்றதைத்தான் போடுவோம்."

அந்த மோவாயை எனக்குத் தெரியாதா? ஆனாலும் என் பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கேட்க ஒருவரும் மிச்சமில்லை. அவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

உன் பெயரைச் சொன்னேன். இனிஷியலோடு சொன்னேன்.

நல்ல மனசு என்று நினைத்துவிடாதே. நீ உயிரோடு இருந்திருந்தால் என் பெயரைத்தான் சொல்லியிருப்பேன். ஆட்டோ பிடித்துச் சண்டைக்கு வந்திருப்பாய். இப்போது யார் வருவார்கள்? புத்தகம் வந்ததும் உன் படத்தைப் பார்த்து மறுபடியும் எரியப்போகிறேன். எரியட்டும். இத்தனை வருஷத்தில் உன் அளவுக்குப் பொறாமைப்பட எனக்கு இன்னொருவன் கிடைக்கவில்லை.