பதினோராவது பாலத்தின் பூசணிக்காய்

மார்ச் 2, ஞாயிறு

ஜனவரியில் தொடங்கிய பதினோராவது பாலம் ஒருவழியாக முடிந்தது. அரைவட்ட வளைவு, மரக் கைப்பிடி, அதில் படரும் ஊதாப் பூக்கள். பூவெல்லாம் முன்பு என்னோடு வேலை பார்த்த தோழி டீனா வைத்தது. இந்த ஆன்லைன் விளையாட்டில் ஆற்றை ஒரே தாவில் தாண்டிவிடலாம், பாலமே தேவையில்லை. அதனால்தான் கட்டப் பிடிக்கிறது.

நிஜத்தில் நகரத்தின் இந்தக் கோடியில் நான் இருக்கும் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து அவள் இருக்கும் காக்ஸ் டவுன் போக இரண்டு மணி நேரம். கல்யாணமாகி அங்கே போனவளை ஞாயிறு காலைகளில் இந்த விளையாட்டில்தான் பார்க்கிறேன். ஜனவரியிலிருந்து மைக் ரிப்பேராம், டைப் அடித்துத்தான் பேச்சு.

இன்று சொல்லிவிட்டேன் - அஷ்வின் எங்கள் நிச்சயதார்த்தத்தை முறித்துக்கொண்டதை. ஆம்பூரில் அம்மாவுக்கே இன்னும் தெரியாது. அவள் எழுதினாள்: "அழணும்னா அழு. நான் எங்கயும் போகல, இங்கதான் நிக்கறேன்."

அழுது தீர்த்தேன். டீனா இருக்கிறாள், போதும்.

மார்ச் 9, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

போன ஆயுத பூஜையன்று கம்பெனி கேப் முன்னால் உடைத்த பூசணிக்காய் டீனாவின் புதுச் சுடிதாரெல்லாம் தெறித்தது. அன்றிலிருந்து எந்தப் பாலம் கட்டினாலும் படியில் ஒரு பூசணிக்காய் வைப்பேன். அவள் ஓடிவந்து உடைப்பாள். அதற்கப்புறம்தான் பாலத்தில் ஏறுவோம். போன வாரம் அழுகையில் மறந்துபோனது. இன்று வைத்தேன்.

அவள் அதை எடுத்துக் கைப்பிடியின் நடுவில் வைத்தாள். பக்கத்தில் ஒரு விளக்கு வேறு.

"உடைடி" என்று எழுதினேன்.

"ஐயோ, எதுக்கு? அழகா இருக்கே!"

டீனா என்றால் இதைக் கேட்கவே மாட்டாள். "யார் நீ?"

பதில் வந்தது: "ஆஞ்சலா. டீனா அண்ணியோட நாத்தனார். சாரிக்கா. ஜனவரிலேர்ந்து நான்தான். அண்ணிதான் அவங்க பேர்ல ஆடச் சொன்னாங்க."

உடனே டீனாவுக்குப் போன் போட்டேன். "ஏய், ஒரு கேமுக்கா இவ்ளோ? வரலைன்னு சொன்னா நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவே. அவ வீட்ல சும்மாதானே இருந்தா?"

"நான் அஷ்வின் பத்திச் சொன்னது?"

"அஷ்வினுக்கு என்ன?" என்றாள்.

போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 10

பாவி. வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாமே! நான் என்ன கட்டியா போட்டேன்?

மார்ச் 15

வேறு யார் வாயிலிருந்தாவது போவதற்குள் அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். "ஏண்டி, மொதல்ல என்கிட்ட சொல்லத் தோணலியா?" என்றாள்.

மார்ச் 16, ஞாயிறு

பத்துப் பாலத்தையும் இடித்தேன். ஒன்றுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. கட்டியது எத்தனை ஞாயிறு!

பதினொன்றுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். நாற்பது பூ, ஒவ்வொன்றும் ஒரே இடைவெளியில். டீனாவுக்கு ஏது இந்தப் பொறுமை? நாலு பூ வைப்பதற்குள் "போதும்டி" என்பவள். இது அப்போதே ஏன் உறைக்கவில்லை எனக்கு? மடச்சி.

மார்ச் 23

டீனாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். "காபி சாப்பிட வாடி, பேசித் தீர்த்துக்கலாம்..." மீதியைக் கேட்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

மூன்று வாரம் கழித்து விளையாட்டைத் திறந்தேன். நான் பூட்டிவைத்த என் இடத்துக்குள் வர இரண்டு பேர் அனுமதி கேட்டிருந்தார்கள். ஒன்று டீனா என்ற பழைய பெயர். இன்னொன்று புதிது - ஆஞ்சலா. கூடவே ஒரு வரி: "அஷ்வின் விஷயம் யார்கிட்டயும் சொல்லலக்கா. அண்ணிகிட்டகூட."

டீனா போனில் "அஷ்வினுக்கு என்ன?" என்று கேட்டபோதே அது எனக்குத் தெரியும். அதற்காக இவள் மேல் கோபம் ஆறிவிட்டது என்றில்லை. இரண்டு மாதம் என்னை ஏமாற்றியவள்தான் இவளும்.

டீனாவின் பெயரை நீக்கினேன். அதற்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வாராவாரம் யோசிக்க என்னால் ஆகாது.

ஆஞ்சலாவுக்குத் திறந்தேன். எதிர்க்கரையில் வந்து நின்றாள். பாலத்தில் ஏறவில்லை, அப்படியே நின்றாள்.

படியில் பூசணிக்காயை வைத்துவிட்டு எழுதினேன்: "உடை. அலங்காரம் அப்புறம் பார்த்துக்கலாம்."