ரெட்டைச்சுழி சலூன்

அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா வேளைக்கு மாத்திரை போடுகிறாரா?

இங்கே ஒரு வேடிக்கை. எங்கள் தெருவில் தடுக்கி விழுந்தால் சலூன்தான். நம் கடை தனியாகத் தெரிய என்ன வழி என்று முதலாளி கேட்டார். ஒருமுறை வந்தவரிடம் மறுபடி "எப்படி வெட்டணும்?" என்று கேட்காமல், தலையை ஞாபகம் வைத்து வெட்டுவோம் என்றேன். வெட்டினேன். "ரெட்டைச்சுழி இருக்காரா?" என்று தேடி வந்தார்கள். என் உச்சந்தலையைப் பார்த்து நீ வைத்த பெயரையே முதலாளி போர்டில் எழுதினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இப்போது முதலாளி கடைவீதியில் அதே பெயரில் இன்னொரு கடை திறந்திருக்கிறார். அங்கே நான்தான் மாஸ்டர் என்று சட்டையெல்லாம் தேய்த்து வைத்திருந்தேன். அவரோ தன் மச்சினனை நிறுத்தி, "இவர்தான் ரெட்டைச்சுழி" என்கிறார். மச்சினனுக்கு முழு வழுக்கை அம்மா. எனக்குத் தலை கழுவிவிடும் வேலை.

கேட்டேன். "அது கடைப் பேருப்பா, உனக்கென்ன?" என்றார். தம்பி தம்பி என்று கூப்பிட்ட வாய்.

என் பழைய மரச்சீப்பை யாரிடமாவது கொடுத்துவிடு. போனில் பேசும்போது என்னைப் பழையபடி நீ வைத்த பெயரிலேயே கூப்பிடு.

ஆள் வந்துவிட்டார், நிறுத்துகிறேன். யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இன்னமும் நான்தான் முதலில் திரும்பிப் பார்க்கிறேன்.

உன்,
ரெட்டைச்சுழி