பதின்மூன்றாம் அட்டையின் முதுகு

மார்ச் 3

மதிப்புள்ள கடிகாரக்காரருக்கு,

லாண்டரிக்கார அம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் சுகம். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்து கோணலாயிருக்கும், பேச்சு நேராயிருக்கும்.

பேப்பரில் உங்கள் விளம்பரம் பார்த்தேன். அந்தக் காலத்து சிகரெட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த மல்யுத்த வீரர் அட்டைகள் மொத்தம் இருபத்தைந்து, பன்னிரண்டாவது மட்டும் உங்களிடம் இல்லையாமே. அது என்னிடம் இருக்கிறது. சலவைக்கு வந்த கோட்டுப் பையில் கிடைத்தது. கோட்டுக்காரர் “நீங்களே வச்சுக்கோங்கம்மா” என்றுவிட்டார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம், இப்போது பதினாறு சேர்ந்துவிட்டது.

காசு வேண்டாம். பன்னிரண்டின் பின்பக்கத்தில் ஒரு பிடி எழுதியிருக்கிறது: முதுகுப்பக்கம் வந்து இடுப்பைப் பூட்டுவது. கடைசி வரி, “விடுபடும் வழி பதின்மூன்றாம் அட்டையில்.” என் பேத்தி மல்யுத்தக்காரி. சும்மா இல்லை, நான்கு கோப்பை வாங்கியவள். ஆனால் மூன்று வருடமாக ஒரு நெட்டச்சியிடம் அதே பிடியில் தோற்கிறாள். இருபதாம் தேதி மறுபடி மோதுகிறார்கள். பதின்மூன்றின் பின்பக்கத்தைப் பார்த்து எழுதிப் போடுங்கள். பன்னிரண்டு உங்களுக்கு.

இப்படிக்கு,
லாண்டரி அம்மாள்

மார்ச் 6

அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் நழுவிவிட்டது. ஆனால் ஒரு சங்கடம். பதின்மூன்றை எனக்கு முன் வைத்திருந்தவர் ஆல்பத்தில் கோந்து போட்டு ஒட்டிவிட்டார். முப்பது வருடமாக அந்த வீரன் முகத்தைப் பார்க்கிறேன், முதுகைப் பார்த்ததில்லை. கடிகாரத்துக்குள் மயிரிழைக் கம்பியையே கழற்றுபவன் நான், ஆனால் இதைப் பிய்த்தால் கிழிந்துவிடும். வேறு எது வேண்டுமானாலும் கேளுங்கள்.

அன்புடன்,
கடிகாரக்காரன்

மார்ச் 9

கடிகாரக்காரரே,

வேறு எதை வைத்து நான் என்ன செய்ய? கல்யாண உடுப்பில் கொட்டிய மையை எடுத்தவள் நான். கோந்துக்கு நேர்ச்சூடு ஆகாது. ஈரத்துணி மடிப்பு வழியாக ஆவி காட்டினால் தானாக இளகும். ஆல்பத்திலிருந்து அந்தத் தாளை மட்டும் கழற்றி அனுப்புங்கள், நானே பெயர்த்துத் தருகிறேன். பேத்தி சிரிக்கிறாள்: “பாட்டி, ரெண்டு பேருமே பிடிவாதம். யாராவது ஒருத்தர் முதல்ல விட்டுக்கொடுங்க!” நீங்கள் கொடுங்கள்.

லாண்டரி அம்மாள்

மார்ச் 12

அம்மா,

அனுப்பிவிட்டேன். இரண்டு பலகைக்கு நடுவில், பஞ்சு வைத்து, மூன்று உறை போட்டு. “என்னை ஒருநாளாவது இப்படிப் பொத்திப் பொத்தி அனுப்பியிருக்கீங்களா?” என்று என் மனைவி கேட்கிறாள்.

கடிகாரக்காரன்

மார்ச் 21

அம்மா,

ஒன்பது நாளாயிற்று. கிழிந்துவிட்டதா? கிழிந்திருந்தாலும் சொல்லிவிடுங்கள். கடையில் ஒவ்வொரு கடிகாரமும் ஒவ்வொரு மணி காட்டுகிறது.

க.கா.

மார்ச் 23

அன்புள்ள தம்பிக்கு,

கிழியவில்லை. ஓரம்கூடச் சுருளவில்லை. அரை நாள் ஆவி காட்டினேன், பூ மாதிரி பெயர்ந்து வந்தது. முதுகில் இருந்தது இவ்வளவுதான்: “திமிறாதே. பிடித்தவன் எப்படியும் கை மாற்றுவான். பூட்டு தளரும் அந்த நொடிக்குக் காத்திரு.”

“இதுக்கா பாட்டி இவ்ளோ பாடு!” என்றாள் பேத்தி. ஆனாலும் அட்டையைப் பையில் வைத்துக்கொண்டுதான் போட்டிக்குப் போனாள். தாமதம் அதனால்தான், திட்டாதீர்கள்.

நெட்டச்சி வந்து பூட்டினாள். நான் அட்டையாவது ஒன்றாவது, எல்லாம் மறந்து “திமிறுடி! திமிறு!” என்று கத்துகிறேன். இவள் கல் மாதிரி கிடந்தாள். நெட்டச்சி ஒரு கையை எடுத்தாள். அவ்வளவுதான், என் பேத்தி மேலே, அவள் கீழே! வெளியே வந்து, “உன் பேச்சைக் கேட்டிருந்தா தோத்திருப்பேன் பாட்டி” என்கிறாள். இருக்கட்டும், அந்த வாய் என்னிடமிருந்து போனதுதான்.

இரண்டு அட்டையும் இத்துடன் வருகின்றன. பிடி ஒரு வீட்டிலும் விடுபடும் வழி இன்னொரு வீட்டிலும் இருக்கக் கூடாது. இனிமேல் கோந்துப் பக்கம் போனீர்களோ, பேத்தியை அனுப்பிவைப்பேன்.

உங்கள்
அக்கா